பூட்டிய வீட்டின் கணக்கு

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. சுமார் 85 வாடிக்கையாளர்கள், 400 விளக்குகள். நகரம் வியந்து பார்த்தது. எடிசனுக்கோ வேறொரு கவலை. எரிவாயு விற்றவர்களுக்குக் கணக்கு எளிது: வாயு மீட்டருக்குள் இருக்கும் சிறிய அறைகள் எத்தனை முறை நிரம்பிக் காலியாயின என்று எண்ணினால் போதும். மின்சாரத்தைத் தராசில் நிறுக்க முடியாது, படியில் அளக்கவும் முடியாது. கண்ணுக்கே தெரியாத சரக்கை அளந்து விற்பது எப்படி? எடிசனின் பதில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் இருந்தது.

ஜாடியில் துத்தநாக சல்பேட் கரைசல், அதில் மூழ்கிய இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குள் போகும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கு ஒன்று மட்டும் இந்த ஜாடி வழியாகச் செல்லும். அந்தப் பங்கு எவ்வளவு என்பது நிறுவனத்துக்குத் துல்லியமாகத் தெரியும். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். மாதம் ஒருமுறை நிறுவனத்தின் ஆள் வந்து தகடுகளைக் கழற்றி, புதியவற்றைப் பொருத்திவிட்டுப் போவார். பழைய தகடுகள் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, கழுவி, உலர்த்தி, நுண்தராசில் நிறுக்கப்படும். எடை எவ்வளவு மாறியிருக்கிறதோ அதுதான் பில். 1883 ஜனவரியில் அன்சோனியா பித்தளை, செம்பு நிறுவனத்துக்கு 50 டாலர் 40 சென்ட்டுக்கு முதல் பில் போனது. வீடுகளிலிருந்து அலுவலகத்துக்குத் தகடுகளே பயணம் செய்த அந்த ஏற்பாடு ஓரளவு ஒழுங்காகவே நடந்தது, குளிர்காலம் வரும்வரை.

கடும் குளிரில் கரைசல் உறைந்துவிடும் ஆபத்து இருந்தது. அதற்காக ஒவ்வொரு மீட்டர் பெட்டிக்குள்ளும் ஒரு விளக்கைப் பொருத்தியிருந்தார் எடிசன். வெப்பம் குறைந்ததும் ஓர் உலோகப் பட்டை வளைந்து அந்த விளக்கைத் தானாக ஏற்றிவிடும், அதன் சூட்டில் கரைசல் உறையாமல் இருக்கும். அருமையான யோசனைதான். ஆனால் இதை வாடிக்கையாளர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் கடுங்குளிர் இறங்கியதும் மின்நிலையத்துக்கு ஆட்கள் ஓடிவந்தார்கள். மீட்டர் செக்கச்செவேல் என்று கனல்வதாக ஒருவர் பதறினார். உள்ளே தீப்பிடித்துவிட்டதென்று நினைத்து மீட்டரின் மேல் தண்ணீரை ஊற்றியே விட்டதாக இன்னொருவர் சொன்னார். எடிசன் பிற்காலத்தில் இதைச் சிரித்தபடி நினைவுகூர்ந்தார். ஆனால் அந்த ஜாடிக்கு வந்த உண்மையான ஆபத்து குளிரால் வரவில்லை, பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தது.

பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் மாறுதிசை மின்சாரத்தை விற்கத் தொடங்கியிருந்தார். வெகுதூரம் அனுப்பலாம், செலவும் குறைவு. ஆனால் அதை எடிசனின் ஜாடியால் அளக்கவே முடியாது. ஒரு திசையில் நகர்ந்த துத்தநாகம் மின்சாரம் திசை மாறியதும் அடுத்த கணமே திரும்பிவிடும். மாதக் கடைசியில் தகடு இருந்த எடையிலேயே இருக்கும். வேறு வழியின்றி விளக்குக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வசூலித்தார்கள். காசு கொடுத்தாயிற்று, அணைப்பானேன் என்று இரவெல்லாம் விளக்குகள் எரிந்தன. நல்ல மீட்டர் ஒன்று இல்லாவிட்டால் இந்தத் தொழில் நிலைக்காது என்ற நிலை வந்தபோது, ஒரு சுருள்வில் கைதவறி விழுந்தது.

1888 ஏப்ரல் மாதம். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் மின்பொறியாளர் ஆலிவர் ஷாலன்பெர்கர் புதிய ஆர்க் விளக்கு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். விளக்கிலிருந்து சிறிய சுருள்வில் ஒன்று கழன்று உள்ளே ஒரு விளிம்பில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் வழக்கம். ஆனால் அவர் கண் அதன்மேல் நின்றுவிட்டது. யாரும் தொடாமலேயே அந்தச் சுருள்வில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. விளக்கின் மின்சுருளைச் சுற்றியிருந்த மாறும் காந்தப்புலம்தான் அதைத் திருப்புகிறது என்பது அவருக்குப் பிடிபட்டது. சுருள்வில்லைச் சுழற்றும் மின்சாரத்தால் ஒரு தட்டையும் சுழற்ற முடியும், தட்டு சுழன்றால் பல்சக்கரங்களை ஓட்டி முள்களை நகர்த்த முடியும். சில வாரங்களுக்குள் மீட்டர் தயாரானது. மறு ஆண்டே புடாபெஸ்ட்டில் கான்ஸ் நிறுவனத்தின் ஓட்டோ பிளாத்தி, செலவான மின்னாற்றலையே நேரடியாகக் கணக்கிடும் தூண்டல் மீட்டரை உருவாக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உலோகத் தட்டு சுழலும், முள்கள் எண்களைக் காட்டும். அடுத்த நூறாண்டுகளுக்கு உலகம் முழுக்க வீட்டுச் சுவர்களில் இந்த வகைதான் தொங்கியது. எண்ணும் வேலை முடிந்தது. எண்ணியதைக் கொண்டுவரும் வேலை அப்படியே நின்றது.

வீட்டுச் சுவரில் இருக்கும் எண்ணை அலுவலகக் கணக்குப் புத்தகத்துக்குக் கொண்டுவர ஓர் ஆள் நடந்தே ஆகவேண்டும். கையில் நோட்டு, மறுகையில் டார்ச், மனத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்ற கணக்கு. அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் இது இன்னும் கடினம். தண்ணீர் மீட்டரை வெளியே வைத்தால் உறைந்து வெடிக்கும், எனவே அது நிலவறையில் இருக்கும். எரிவாயு மீட்டரும் பல வீடுகளில் அங்கேதான். ரீடிங் எடுக்க வருபவர் கதவைத் தட்டி, வீட்டுக்காரர் திறந்து, இருட்டுப் படிகளில் இறங்கி, பழைய சாமான்களை நகர்த்தி, முள்களைப் படிக்கவேண்டும். அதில் ஒரு முள் இடமிருந்து வலமாகவும் அடுத்தது வலமிருந்து இடமாகவும் சுற்றும். அலுத்த கண்ணுக்கு 6 என்பது 7 ஆகத் தெரிந்தால் வீட்டுக்காரருக்கு வம்பு. இவ்வளவுக்கும் கதவு திறக்கவேண்டுமே!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கதவுகள் பகலில் திறப்பது குறையத் தொடங்கியது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போனார்கள். பூட்டிய வீட்டுக்கு நிறுவனம் உத்தேசமாக ஒரு பில் போட்டது. சில மாதம் கழித்து உண்மையான ரீடிங் கிடைத்ததும், விட்டுப்போன மொத்தத்தையும் சேர்த்து ஒரே பில்லாக அனுப்பியது. வாடிக்கையாளர் கொதித்தார். அலுவலகத்துக்கு வந்து சண்டை போட்டார். மறுபடி ஆள் அனுப்பவேண்டும், மறுபடி கணக்குப் பார்க்கவேண்டும். இத்தனை தலைவலிக்கும் மருந்து அந்த வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருப்பதாக ஒரு நிறுவனத்துக்குத் தோன்றியது. அந்த மருந்து தொலைபேசி.

1960களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, சில மின், எரிவாயு நிறுவனங்களோடும் வெஸ்டிங்ஹவுஸோடும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தியது. தொலைபேசிக் கம்பி வழியாக மீட்டரைத் தொடர்புகொண்டு எண்ணைக் கேட்டு வாங்குவது அதன் நோக்கம். சோதனை வெற்றி. மீட்டர் ஒழுங்காகப் பதில் சொன்னது. ஏடி அண்ட் டி தன் சேவைக்கு விலையும் சொன்னது: ஒரு மீட்டருக்கு 2 டாலர். மின் நிறுவனங்கள் தங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தன. ஓர் ஆளை நடக்கவிட்டு ஒரு மீட்டரைப் படிக்க ஆகும் செலவு 50 சென்ட். நான்கில் ஒரு பங்கு! தொழில்நுட்பம் ஜெயித்தது, கணக்கு தோற்றது. திட்டம் மூட்டை கட்டப்பட்டது. அதன் பிறகு யார் புது யோசனை கொண்டுவந்தாலும் அந்த 50 சென்ட் வாசலிலேயே மறித்து நின்றது. அதைத் தாண்டும் அடுத்த முயற்சி, மீட்டரைப் பற்றி நினைத்தே பார்க்காத ஒருவரிடம் தொடங்கியது.

1968இல் ஏதென்ஸில் தியோடோர் பராஸ்கெவாகோஸ் என்ற தகவல்தொடர்புப் பொறியாளர் வேறொரு புதிருக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். தொலைபேசி மணி அடிக்கும்போதே, அழைப்பது யார் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அழைப்பவரின் எண்ணை மறுமுனைக்கு அனுப்பும் முறை ஒன்றை அவர் கண்டுபிடித்தார். பிறகு அமெரிக்கா சென்று, அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் போயிங் நிறுவனத்தோடு சேர்ந்து 1971இல் அந்தக் கருவியைச் செய்தே காட்டினார். இன்று கைபேசியில் அழைப்பவர் எண் தெரியும் வசதிக்கு அது ஒரு முன்னோடி. அந்தக் கண்டுபிடிப்போடு அவர் நின்றிருந்தால் நம் கதையில் அவருக்கு இடமில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு எண்ணை அனுப்ப முடியும் என்றால், அது தொலைபேசி எண்ணாகத்தான் இருக்கவேண்டுமா?

1972இல் அவர் தன் கருவியைத் திருப்பி யோசித்தார். தீ எச்சரிக்கை, திருட்டு எச்சரிக்கை, மருத்துவ அவசரம், கூடவே மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மீட்டர்களின் எண். எல்லாமே கம்பியில் போகக்கூடிய தகவல்தான். 1974இல் காப்புரிமை கிடைத்தது. 1977இல் ஃபுளோரிடாவில் மெட்ரிடெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இணையம் இல்லாத அந்தக் காலத்தில் ஐபிஎம் சீரிஸ்/1 என்ற சிறுகணினி மீட்டர்களின் எண்களைச் சேகரித்தது. மனிதக் கை படாமல் தொலைவிலிருந்து மீட்டரைப் படிக்கும் முழுமையான அமைப்பு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஆனாலும் நிலவறை மீட்டர் வரை தொலைபேசிக் கம்பி போகவேண்டும், இன்னொரு நிறுவனத்தின் கம்பியை நம்பியிருக்கவேண்டும். லட்சக்கணக்கான வீடுகளுக்கு இது கட்டுப்படியாகுமா என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதே 1977இல், நாட்டின் மறுகோடியில் வேறொரு குழு நேர்எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கியது.

இடாஹோ மாநிலத்தில் ஹாஸர் ஏரி என்ற சிற்றூர். அங்கே சில பொறியாளர்கள் வாஷிங்டன் வாட்டர் பவர் என்ற மின் நிறுவனத்தின் ஆதரவோடு ஐட்ரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நடப்பவரை நிறுத்த அவர்கள் முயலவில்லை. அவர் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சிறிய கணினியைக் கொடுத்தார்கள். எண்ணைத் தட்டினால் போதும். முந்தைய மாதத்தோடு பொருந்தாத எண்ணைத் தட்டினால் கருவியே உஷார்படுத்தும். மாலையில் அலுவலகக் கணினியோடு இணைத்தால் எல்லாக் கணக்கும் இறங்கிவிடும். மின் நிறுவனங்கள் இதை விரும்பி வாங்கின. காரணம், நடக்கும் ஆளின் வேலை இதனால் இன்னும் வேகமானது, இன்னும் பிழையற்றதானது. தொலைவிலிருந்து படிக்கும் கனவுக்கு எதிரியாக இருந்த 50 சென்ட் கணக்கு இப்போது மேலும் பலமானது. வானொலி அலை உதவுமா என்று யோசித்தவர்கள் முன்னால் இரண்டு பெரிய சுவர்கள் நின்றன.

முதல் சுவர், பேட்டரி. மின்சார மீட்டருக்குப் பக்கத்திலேயே மின்சாரம் இருக்கிறது. எரிவாயு மீட்டரும் தண்ணீர் மீட்டரும் அப்படியல்ல. உள்ளே ஓடும் வாயுவும் நீரும் சக்கரத்தைச் சுழற்றும், அவ்வளவுதான். வானொலிக் கருவி வைக்கவேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். அது இரண்டு ஆண்டில் தீர்ந்துபோனால் மாற்ற ஓர் ஆள் போகவேண்டும், அதே பூட்டிய கதவைத் தட்டவேண்டும். ஆகவே பத்தாண்டுக்கு மேல் ஒரே பேட்டரியில் ஓடவேண்டும். இரண்டாம் சுவர், அலைவரிசை. வானொலி அலைகள் அரசின் சொத்து. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒவ்வொன்றாக உரிமம் வாங்குவது நடக்காத காரியம். இந்த இரண்டாம் சுவரில் விரிசல் விழுந்தது, யாரும் எட்டிப்பார்க்காத ஒரு குப்பைமேட்டில்.

அலைவரிசைகளில் சில துண்டுகளை 1947இலேயே உலக நாடுகள் தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கிவைத்திருந்தன. மைக்ரோவேவ் அடுப்பும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கும் எந்திரமும் அங்கே இரைந்துகொண்டிருக்கும். இந்த இரைச்சலுக்குள் ஒழுங்கான செய்தி எதுவும் போகாது என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தில் பணியாற்றிய மைக்கேல் மார்கஸ் ஒதுங்கவில்லை. ராணுவம் பயன்படுத்திவந்த பரவல் அலைமுறையில், இரைச்சலுக்கு நடுவிலும் செய்தியை மீட்க முடியும் என்று அவர் வாதாடினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. 1985 மே மாதத்தில் ஆணையம் அந்தத் துண்டுகளைத் திறந்துவிட்டது. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியும் அதில் ஒன்று. சத்தம் குறைவாக இருக்கவேண்டும், பிறரின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்கு உரிமமே தேவையில்லை. பின்னாளில் வைஃபைக்கு வழிவிட்ட முடிவும் இதுதான். வைஃபை வருவதற்கெல்லாம் முன்பே, பனி கொட்டும் மின்னசோட்டாவில் ஓர் எரிவாயு நிறுவனம் வேறொரு முடிவை எடுத்துக்கொண்டிருந்தது.

அதன் பெயர் மின்னகாஸ்கோ. குளிர் உச்சத்துக்குப் போகும் மாதங்களில்தான் எரிவாயுச் செலவும் உச்சத்துக்குப் போகும், ரீடிங் துல்லியமாகத் தேவைப்படும். அப்போதுதான் தெருவில் பனி முழங்கால்வரை கிடக்கும். 1986இல் மின்னகாஸ்கோ, 4,50,000 மீட்டர்களில் வானொலிக் கருவி பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. கருவியைச் செய்தது அதே மாநிலத்தின் என்ஸ்கான் என்ற சிறு நிறுவனம். கருவி ஒரு சிறிய பெட்டி. மீட்டரின் உடலுக்கும் முகப்புக்கும் நடுவே பொருந்தி, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றையும் எண்ணி நினைவில் வைத்துக்கொள்ளும். மீட்டரை மாற்றத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளும் பேட்டரிதான் இருந்தது. அந்த முதல் சுவரை என்ஸ்கான் எப்படித் தாண்டியது?

தூங்கவைத்துத் தாண்டியது. கருவி ஏறக்குறைய எப்போதும் உறக்கத்தில் இருக்கும். நிறுவனத்தின் வேன் தெருவுக்குள் நுழைந்ததும் ஓர் எழுப்பும் அலையை அனுப்பும். அது கேட்டதும் சுற்றியுள்ள நிலவறைகளிலெல்லாம் கருவிகள் விழித்து, தங்கள் அடையாள எண்ணையும் ரீடிங்கையும் ஒரு நொடியின் சின்னஞ்சிறு பங்குக்குள் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். நூறு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் புரியாதே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கருவியும் தன் நேரத்தையும் அலைவரிசையையும் தாறுமாறாக மாற்றி மாற்றிப் பலமுறை சொல்லும். ஒருமுறை மோதினாலும் மறுமுறை தப்பிக்கும். தாமாகவே தீர்ந்துபோவது மிகக் குறைவான லித்தியம் பேட்டரிகள் மிச்ச வேலையைச் செய்தன. வேன் நிற்கவே வேண்டாம். சாதாரண வேகத்தில் தெருவைக் கடக்கும், உள்ளே இருக்கும் கணினியில் வீடு வீடாக எண்கள் விழும். பின்னாளில் இன்னும் துணிச்சலான ஒரு மாற்றம் வந்தது. எழுப்பும் அலைக்காகக் காத்திருப்பதுகூடப் பேட்டரியைத் தின்கிறது. கேட்கும் பாகத்தையே எடுத்துவிட்டால்? கருவிக்குக் காது போனது. யார் வந்தாலும் வராவிட்டாலும் சில நொடிக்கு ஒருமுறை தன் எண்ணைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த மாற்றம் பிற்காலத்தில் ஒரு பெரிய வம்பைக் கொண்டுவரப்போவது அன்று யாருக்கும் தெரியாது.

அந்த 50 சென்ட் கணக்கு என்ன ஆனது? அதன் குட்டும் இந்தக் காலத்தில்தான் உடைந்தது. 1987இல் ஃபிலடெல்ஃபியா எலெக்ட்ரிக் நிறுவனம், உள்ளே நுழையவே முடியாத மீட்டர்கள் ஏராளமாக இருந்ததால், ஆயிரக்கணக்கான இடங்களில் மின்கம்பி வழியாகவே எண்ணை அனுப்பும் கருவிகளைப் பொருத்தியது. 50 சென்ட் என்பது சராசரி. சாலையோரச் சுவரில் தொங்கும் மீட்டரைப் படிக்கச் சில காசுதான் ஆகும். பூட்டிய நிலவறைக்குள் இருக்கும் மீட்டரைப் படிக்க இரண்டு முறை, மூன்று முறை ஆள் போகவேண்டும், உத்தேச பில்லுக்குச் சண்டை கேட்கவேண்டும், திருத்திய பில் அனுப்பவேண்டும். சுலபமான வீடுகள் கடினமான வீடுகளின் செலவை மறைத்து வைத்திருந்தன. சராசரியைப் பிரித்துப் பார்த்ததும் தொலைவிலிருந்து படிப்பதற்கான வழி திறந்தது. கால் நூற்றாண்டாக எத்தனையோ பொறியாளர்களால் தாண்ட முடியாத தடையைப் பூட்டிய வீடுகள் தாண்டிவிட்டன. அடுத்த திருப்பம் பழைய எதிரியிடமிருந்தே வந்தது.

1992இல் ஐட்ரானும் என்ஸ்கானும் இணைந்தன. நடப்பவருக்குக் கணினி கொடுத்த நிறுவனமும், நடக்கவே வேண்டாம் என்ற நிறுவனமும் ஒரே கூரைக்கு வந்தன. கையடக்கக் கணினிக்குள்ளேயே வானொலி புகுந்தது. ஒரு தெருவில் பத்து வீட்டில் மட்டும் கருவி பொருத்தியிருந்தாலும் பரவாயில்லை. ரீடிங் எடுப்பவர் மற்ற மீட்டர்களைக் கண்ணால் படித்துக்கொண்டே நடப்பார், அந்தப் பத்தும் கேட்டுக்கு வெளியிலிருந்தே கருவியில் விழும். பழைய முறைக்குள்ளேயே புதிய முறை கொஞ்சம் கொஞ்சமாக வளர இது இடம் கொடுத்தது. 1990களின் நடுவில் கன்சாஸ் சிட்டியில் வேனும் தேவையற்றுப்போனது. செல்நெட் என்ற நிறுவனம் மின்கம்பங்களில் கேட்கும் கருவிகளை மாட்டி, நகரத்தின் மீட்டர்களை ஒரு நிரந்தர வலையில் சேர்த்தது. மாதம் ஒருமுறை வந்த எண் இப்போது ஒரே நாளில் பலமுறை வந்தது. நிறுவனங்கள் மகிழ்ந்தன. காற்றில் போகும் அந்த எண்களை வேறு யாராவது கேட்கிறார்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

2012இல் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தையும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் ஆராய்ந்த மின்மீட்டர்கள் 30 விநாடிக்கு ஒருமுறை தங்கள் எண்ணை எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டுக்கொண்டிருந்தன. எளிதாக வாங்கக்கூடிய வானொலிக் கருவி ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அக்கம்பக்கத்தின் கணக்கு முழுவதும் கைக்கு வரும். எந்த வீட்டில் ஆள் இல்லை, எந்த வீட்டில் எப்போது எழுந்திருக்கிறார்கள் என்பதைக்கூட அந்த எண்களிலிருந்து ஊகிக்க முடிந்தது. பூட்டிய வீட்டுக்காகப் பிறந்த கருவியே வீடு பூட்டியிருப்பதைத் திருடனுக்குச் சொல்லக்கூடும்! நெதர்லாந்தில் 2009இலேயே இந்த அச்சம் நாடாளுமன்றம்வரை போயிருந்தது. நவீன மீட்டர்களைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அந்நாட்டு மேலவை அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ஏற்க மறுத்தது. ரகசியக் குறியீடு இல்லாமல் எண் வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்ற பாடம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. அந்த 2009ஆம் ஆண்டிலேயே, பிரான்சின் கிரெனோபிள் நகரில் இரண்டு நண்பர்கள் கடைசிக் கஷ்டமான மீட்டர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் மீட்டர் பல ஊர்களில் தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கும். மேலே இரும்பு மூடி, உள்ளே ஈரம், சில நேரம் மீட்டரே நீரில் மூழ்கியிருக்கும். சாதாரண வானொலி அலை அங்கிருந்து வெகுதூரம் போகாது. பேட்டரியோ பத்தாண்டு தாங்கவேண்டும், எனவே சக்தியைக் கூட்டவும் வழியில்லை. நிக்கோலா சோர்னின், ஒலிவியே செல்லர் என்ற அந்த இருவரும் சோனாரிலும் ராடாரிலும் நெடுநாளாக இருந்த உத்தியைக் கையிலெடுத்தார்கள். அலையை ஒரே சுருதியில் அனுப்பாமல், தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண்ணுக்கு வழுக்கிச் செல்லும்படி அனுப்புவது. சந்தை இரைச்சலுக்கு நடுவிலும் கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு ஏறும் நாதஸ்வரம் தனியாகக் காதில் விழுவதுபோல, இந்த வழுக்கும் அலையை இரைச்சலுக்கு அடியிலிருந்துகூட மீட்டெடுக்கலாம். இவ்வளவு குறைந்த சக்தியில் கிலோமீட்டர் கணக்கில் செய்தி போகும் என்பதைப் பலர் நம்பவில்லை. பிரான்சுவா ஸ்ஃபோர்ஸா அவர்களோடு சேர்ந்தார், சைக்கிளியோ என்ற நிறுவனம் பிறந்தது. எரிவாயு, தண்ணீர், மின்சார மீட்டர்களைப் பேசவைப்பதுதான் அதன் குறி. 2012இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் அதை வாங்கியது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு லோரா என்று பெயர். 2015இல் அதற்கென ஓர் உலகக் கூட்டமைப்பே உருவானது. இன்று வயலில் மண்ணின் ஈரத்தையும், மேய்ச்சல் நிலத்தில் மாட்டின் நடமாட்டத்தையும், நகரத்தில் காலி வண்டி நிறுத்துமிடத்தையும் அதே அலை சொல்கிறது. குழிக்குள் கிடந்த தண்ணீர் மீட்டருக்காகத் தேடிய வழி மீட்டரைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

சுருள்வில்லும் தொலைபேசி எண்ணும் அடுப்புகள் இரைந்த அலைவரிசையும் சேர்ந்து உருவாக்கிய பொருள்தான் இன்று உலகெங்கும் வீட்டு வாசலில் சிறு விளக்கு மினுக்கியபடி தொங்கும் ஸ்மார்ட் மீட்டர். 2021இல் இந்திய அரசு அறிவித்த மின்விநியோகச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலோ கைபேசிக் கோபுரங்கள் வழியாகவோ அவை எண்ணை அனுப்புகின்றன. பக்கத்து வீட்டு மீட்டரிடம் எண்ணைக் கொடுத்து, அது அடுத்த மீட்டரிடம் கொடுத்து, கடைசியில் ஒரு சேகரிப்பானைப் போய்ச் சேரும் வகையும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய ஊழியர் வந்து, ரீடிங் எடுத்து, வெள்ளை அட்டையில் எழுதித் தந்த காலம் நீண்டது. யூனிட் கூடியிருந்தால் காரணம் கேட்க அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

அந்த வேலையைக் காற்றிடம் ஒப்படைக்கும்போது, கேள்வி கேட்கும் வசதியையும் சேர்த்து இழந்துவிடக்கூடாது. எண் அலுவலகத்துக்குப் போகும் வழியைக் கண்டுபிடிக்க நூற்றுமுப்பது ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. அதே எண், அதே நொடியில், மின்சாரத்தைச் செலவழித்த வீட்டுக்கும் புரியும்படி வந்து சேரவேண்டும். தவறென்றால் சுட்டிக்காட்ட ஓர் ஆள் கிடைக்கவேண்டும், அந்த எண்ணை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி இருக்கவேண்டும். இந்த மூன்றும் சரியாக அமைந்தால்தான் மீட்டரின் கதை வாடிக்கையாளருக்கும் வெற்றிக் கதை.